வாகனத்தில் செல்பவரே முந்தி ஸலாம் சொல்லட்டும்



வுளூவின் ஃபர்ளுகள் எத்தனை, நோன்பை முறிப்பவை எவை, ஜகாத் யாருக்குச் சேர வேண்டும் என்றெல்லாம் நாம் ஆலிம்களை அணுகிக் கேட்கிறோம். கேட்கத்தான் வேண்டும். ஆனால், காலையில் வீட்டுப் படியிறங்கி வேலைத்தலம் போய்ச் சேரும் வரை நாம் செல்லும் பாதைக்கும் மஸ்அலா உண்டு என்பது நம்மில் பலருக்கு நினைவிருப்பதில்லை. தொழுகைப் பாயில் இருக்கும் வரைதான் தீன். சைக்கிள் பெடலில் கால் வைத்ததும், கார்ச் சாவியைத் திருப்பியதும் அது வேறு உலகம் என்று எண்ணிக் கொள்கிறோம்.

கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முறை, பாதையோரங்களில் அமர்வதைத் தவிர்த்துக் கொள்ளும்படி தம் தோழர்களுக்கு அறிவுறுத்தினார்கள். உட்கார்ந்து பேசிக் கொள்ளத் தங்களுக்கு வேறு இடமில்லையே என்று தோழர்கள் முறையிட்டார்கள். அப்படியானால் பாதைக்குரிய ஹக்கைக் கொடுத்து விட வேண்டும் என்றார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். அந்த ஹக்கு யாது என்று கேட்கப்பட்டபோது, பார்வையைத் தாழ்த்துவது, பிறருக்குத் தொல்லை தராதிருப்பது, ஸலாமுக்குப் பதிலுரைப்பது, நன்மையை ஏவித் தீமையைத் தடுப்பது என்று விளக்கினார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் காணப்படும் செய்தி இது.

பாதையில் உட்கார்ந்திருப்பவருக்கே இத்தனை கடமையென்றால், அதே பாதையில் இரும்பு வாகனத்தை வேகமாக ஓட்டிச் செல்பவருக்கு எவ்வளவு கடமை இருக்கும் என்பதைச் சிந்திக்க வேண்டும்.

நாம் அறிந்த ஒரு சம்பவம்

பாலாற்றங்கரையில் வாணியம்பாடி, ஆம்பூர் பகுதியில் தோல் பதனிடும் கூடங்களும் காலணித் தொழிற்சாலைகளும் நிறைய உண்டு. காலை நேரத்தில் அவ்வூர்ப் பாதைகளில் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்களை இன்றும் காணலாம். அப்பகுதியில் ஒரு தொழிற்சாலை. அங்கே கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் ஒருவர், பல ஆண்டு சேமிப்பில் பழைய கார் ஒன்றை வாங்கியிருந்தார். தோல் வெட்டும் பிரிவில் வேலை பார்க்கும் மற்றொருவர் சைக்கிளில் வருபவர். இருவரும் ஒரே ஊர்க்காரர்கள். லுஹர் தொழுகைக்குத் தொழிற்சாலையிலுள்ள சிறிய தொழுமிடத்தில் பெரும்பாலும் ஒரே ஸஃப்பில் நிற்பவர்கள்.

ஒரு நாள் காலை எட்டு மணிச் சங்கு ஊதுவதற்குச் சில நிமிடங்களே இருந்தன. காரில் வந்தவர், முன்னால் போன சைக்கிளின் முதுகுக்கு நெருக்கமாக வந்து நீளமாக ஹாரனை அடித்தார். சைக்கிள்காரர் திடுக்கிட்டுப் பாதையோரத்து ஜல்லியில் இறங்கி விழுந்தார். முன்சக்கரத்தின் ரிம் கோணிப் போயிற்று. கைப்பிடியில் மாட்டியிருந்த டிபன் கேரியர் திறந்து, சோறும் குழம்பும் மண்ணில் கொட்டின. கார் நிற்கவில்லை.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தவர் தொழிற்சாலை வாசலில் காரை மறித்தார். முன்பக்கத்தை ஓங்கித் தட்டினார். “நேத்து வரைக்கும் நடந்து வந்தவன், இன்னிக்குக் கார் வந்ததும் கண்ணு தெரியலையா?” என்று பலர் முன்னிலையில் கத்தினார். அவருடைய தகப்பனார் செய்த தொழிலையும் இழுத்துச் சொன்னார். காரில் இருந்தவரும் விடவில்லை. “ரோடு என்ன உன் அப்பன் வீட்டுச் சொத்தா? நடு ரோட்டிலே ஆடி ஆடி வந்தா ஹாரன் அடிக்காம என்ன செய்யறது?” என்றார்.

காயம் பெரிதாக இல்லை. அன்றோடு விஷயம் முடிந்திருக்கலாம். முடியவில்லை. மறுநாள் முதல் இருவருக்கும் ஸலாம் நின்றது. ஒருவர் தொழுமிடத்துக்குள் வந்தால் மற்றவர் ஸஃப்பின் மறு ஓரத்துக்குப் போனார். கணக்குப் பிரிவினர் ஒரு பக்கம், வெட்டும் பிரிவினர் ஒரு பக்கம் என்று ஆயிற்று. செய்தி வீடுகளுக்கும் போயிற்று. இரு வீட்டுப் பெண்களும் தெருக்குழாயடியில் முகத்தைத் திருப்பிக் கொண்டார்கள். மூன்று வாரம் இப்படியே கழிந்தது. ரமளானுக்குச் சில நாட்களே இருந்தன.

மூன்று நாட்களும் மூன்று வாரங்களும்

ஒரு முஸ்லிம் தன் சகோதரனை மூன்று நாட்களுக்கு மேல் வெறுத்து ஒதுக்குவது ஆகாது என்பதும், சந்திக்கும்போது இருவரும் முகத்தைத் திருப்பிக் கொள்ளும் நிலையில் முதலில் ஸலாம் சொல்பவரே இருவரில் சிறந்தவர் என்பதும் புகாரி, முஸ்லிம் கிரந்தங்களில் வரும் நபிமொழியின் கருத்தாகும். திங்களும் வியாழனும் சுவனத்தின் வாயில்கள் திறக்கப்பட்டு, இணை வைக்காத அடியார்கள் மன்னிக்கப்படும்போது, தம்முள் பகை கொண்ட இருவரின் காரியம் மட்டும் அவர்கள் சமாதானமாகும் வரை நிறுத்தி வைக்கப்படுகிறது என்று ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது.

மூன்று வாரம் என்றால் ஆறு திங்கள், வியாழன்கள். ஒரு ஹாரன் சத்தத்துக்காக ஆறு முறை மன்னிப்பின் வாயிலில் நிறுத்தி வைக்கப்படுவது எத்தகைய நஷ்டம்! சைக்கிள் ரிம்மை நூறு, இருநூறு ரூபாய்க்குள் நிமிர்த்தி விடலாம். இந்த நஷ்டத்தை எதைக் கொண்டு ஈடு செய்வது?

யார் மீது என்ன கடமை?

இத்தகைய தகராறுகளில் இரு சாராரும் ஒரே கேள்வியையே கேட்கிறார்கள்: “தப்பு யார் மீது?” ஷரீஅத் இதைப் புறக்கணிக்கவில்லை. பொதுப்பாதையில் செல்வது யாவருக்கும் ஆகுமானது; ஆனால் பிறருக்குத் தீங்கு நேராதிருக்க வேண்டும் என்னும் நிபந்தனைக்கு அது உட்பட்டது என்று ஃபிக்ஹு அறிஞர்கள் விதி வகுத்துள்ளார்கள். ஒட்டகமும் குதிரையும் ஓடிய காலத்திலேயே, சவாரி செய்பவர் தம் பிராணி மிதித்துச் சேதப்படுத்தியதற்குப் பொறுப்பாளி ஆகும் நிலைகளை அவர்கள் விரிவாக ஆராய்ந்தார்கள். 1993-ஆம் ஆண்டு (ஹிஜ்ரி 1414) புருனை நாட்டின் பந்தர் ஸெரி பெகவானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமியும், ஷரீஅத்துக்கு முரணில்லாத போக்குவரத்துச் சட்டங்களைப் பேணி நடப்பது மார்க்கக் கடமையே என்றும், வாகன விபத்தால் பிறருக்கு ஏற்படும் சேதத்துக்குப் பொறுப்பு உண்டு என்றும் தீர்மானித்தது. ஆகவே, “சாலை விதி வேறு, தீன் வேறு” என்று சொல்ல நமக்கு இடமில்லை.

எனினும், தப்பு யார் மீது என்ற கேள்விக்கு விடை கிடைக்கும் வரை சமாதானம் காத்திருக்க வேண்டியதில்லை. நாயகம் (ஸல்) அவர்கள் பாதைக்கென்று அழகானதோர் ஒழுங்கைக் கற்றுத் தந்துள்ளார்கள். வாகனத்தில் செல்பவர் நடப்பவருக்கும், நடப்பவர் அமர்ந்திருப்பவருக்கும், சிறு கூட்டத்தார் பெருங்கூட்டத்தாருக்கும் ஸலாம் சொல்ல வேண்டும் என்பதே அது. இதுவும் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. வாகனத்தில் உயர்ந்து அமர்ந்திருப்பவர் உள்ளத்தில் பெருமை நுழையாமல் பணிவு தங்கட்டும் என்பதே இதன் தாத்பரியம் என்று ஹதீது விரிவுரையாளர்கள் எழுதியுள்ளார்கள்.

இந்த ஒழுங்கை ஆழ்ந்து நோக்கினால் ஒரு பெரிய பாடம் கிடைக்கிறது. பாதையில் யாருக்குப் பலம் அதிகமோ, அவர் மீதே முதல் கடமையும் விழுகிறது. சைக்கிளும் காரும் மோதினால் காருக்குக் கீறல். சைக்கிளில் இருப்பவருக்கோ உயிர். ஆதலால், நியாயம் யார் பக்கம் இருந்தாலும் முதல் அடியை எடுத்து வைக்க வேண்டியவர் காரில் இருப்பவரே. பலசாலி பிறரை மல்யுத்தத்தில் வீழ்த்துபவன் அல்லன், கோபம் வரும்போது தன்னை அடக்கிக் கொள்பவனே என்ற நபிமொழியும் இதையே உணர்த்துகிறது.

காரோட்டும் சகோதரருக்கு

ஹாரன் எச்சரிக்கைக்காக உள்ளது; ஏசுவதற்காக அன்று. ஒரு பயணத்தில் உறங்கிக் கொண்டிருந்த தோழர் ஒருவரின் கயிற்றை இன்னொருவர் விளையாட்டாக எடுக்க, அவர் திடுக்கிட்டு விழித்தார். ஒரு முஸ்லிமைத் திடுக்கிடச் செய்வது மற்றொரு முஸ்லிமுக்கு ஆகுமானதன்று என்று நாயகம் (ஸல்) அவர்கள் அப்போது உரைத்ததாக அபூதாவூதில் காண்கிறோம். விளையாட்டுக்கே இப்படியென்றால், முதுகுக்குப் பின்னால் வந்து வேண்டுமென்றே அடிக்கும் ஹாரனைப் பற்றி என்ன சொல்வது?

தன் சகோதரனை நோக்கி இரும்பை நீட்டுபவர் மீது, அவர் உடன்பிறந்தவராகவே இருந்தாலும், மலக்குகளின் சாபம் உண்டாகும் என்ற எச்சரிக்கை முஸ்லிமில் இருக்கிறது. கை நழுவி விடலாம் என்பதே அதற்கான காரணம். காரும் இரும்புதான். “கொஞ்சம் பயமுறுத்தலாம்” என்று சைக்கிளை உரசுவது போலச் செல்பவர், இந்த எச்சரிக்கையை நினைத்து நடுங்க வேண்டும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு விநாடியில் 11 மீட்டர் கடந்து விடுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் சக்தி நான்கு மடங்காகிறது. 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 4,61,312 விபத்துக்கள் நடந்து 1,68,491 உயிர்கள் போயின என்று மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. அதிவேகமே முதல் காரணமாகச் சொல்லப்பட்டது.

நேரமாகி விட்டது என்பது நியாயமாகாது. அரஃபாவிலிருந்து திரும்பும்போது பின்னால் ஒட்டகங்களை அடித்து விரட்டும் கூச்சலைக் கேட்ட நாயகம் (ஸல்) அவர்கள், விரைந்தோடுவதில் நன்மை இல்லை, அமைதியாக வாருங்கள் என்று மக்களுக்குச் சைகை காட்டினார்கள். ஹஜ்ஜின் பாதைக்கே அமைதி வேண்டுமென்றால், தொழிற்சாலைப் பாதைக்கு வேண்டாமா? பத்து நிமிடம் முன்னதாகப் புறப்படுங்கள். சைக்கிளைக் கடக்கும்போது ஓர் ஆள் கை நீட்டினாலும் படாத அளவு தள்ளிச் செல்லுங்கள். அதற்கு இடமில்லாவிட்டால் பின்னால் பொறுத்து வாருங்கள். ஓரமாக நிறுத்திக் கதவைத் திறக்குமுன் பின்னால் பாருங்கள். வலப்பக்கம் அமர்ந்து ஓட்டுபவர் இடக்கையால் கதவைத் திறந்தால் உடம்பு தானே பின்பக்கம் திரும்பும். வருகிற சைக்கிள் கண்ணில் படும். வாகனத்தில் ஏறியதும் ஓதும் “ஸுப்ஹானல்லதீ” துஆவை வாயளவில் நிறுத்தாமல், இதை வசப்படுத்தித் தந்தவன் அல்லாஹ்வே, அவனிடமே மீள்கிறோம் என்ற அதன் பொருளையும் எண்ணிக் கொள்ளுங்கள்.

சைக்கிளில் செல்லும் சகோதரருக்கு

அநீதம் இழைக்கப்பட்டவர் அதை எடுத்துச் சொல்ல அல்லாஹ் அனுமதி அளித்திருக்கிறான் (4:148). ஆனால், நடந்ததைச் சொல்வது வேறு, தகப்பனாரின் தொழிலை இழுப்பது வேறு. ரிம் கோணிப் போனதற்கு ரிம்மின் விலையைக் கேட்கலாம். ஒரு குடும்பத்தின் மானத்தைக் கேட்க முடியாது. பட்டப்பெயர் சூட்டுவதையும் பரிகசிப்பதையும் திருமறை (49:11) கண்டித்திருக்கிறது. அந்த வாசலில் நின்று கத்தும் வரை அவர் மழ்லூம், அநீதம் இழைக்கப்பட்டவர். கத்திய பின் அவருக்கும் கணக்கு எழுதப்பட்டு விட்டது. தொழுகையும் நோன்பும் ஜகாத்துமாக மறுமைக்கு வந்து, ஒருவரை ஏசியதற்காகவும் ஒருவர் மீது பழி சுமத்தியதற்காகவும் நன்மைகளை எல்லாம் பறிகொடுத்து நிற்கும் ஓட்டாண்டியைப் பற்றி நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளதை நாம் மறக்கலாகாது.

கோபம் தலைக்கேறினால் முதலில் இறங்குங்கள். சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்துங்கள். “அஊது பில்லாஹி மினஷ் ஷைத்தானிர் ரஜீம்” என்று சொல்லுங்கள். நிற்பவர் உட்காரட்டும் என்பது நபிவழி. காரைத் துரத்திப் பிடிப்பதில் எந்த நியாயமும் கிடைப்பதில்லை. அன்று மாலையோ மறுநாளோ தனியாகச் சந்தித்து, “நேத்து நீங்க கிட்டக்க வந்ததிலே நான் விழுந்துட்டேன் பாய், கொஞ்சம் தள்ளிப் போங்க” என்று சொன்னால் பெரும்பாலானோர் வெட்கப்பட்டு ஏற்றுக் கொள்வார்கள். பலர் முன்னிலையில் சொன்னால் வெட்கப்படுவதற்குப் பதில் எதிர்த்து நிற்பார்கள்.

சைக்கிள்காரருக்கும் பாதையின் ஹக்கு உண்டு. இருவர் மூவராக வரிசை கட்டிப் பேசிக்கொண்டு செல்வதும், கை காட்டாமல் சட்டென்று திரும்புவதும், இருட்டில் விளக்கோ பின்னால் சிவப்புப் பிரதிபலிப்பானோ இல்லாமல் வருவதும் பிறருக்குத் தொல்லையே. தான் எளியவன் என்பது, கவனக்குறைவுக்கு அனுமதிச் சீட்டு ஆகாது.

உடன் இருப்பவர்களுக்கும் வீட்டாருக்கும்

இரு சகோதரர்களுக்கிடையே சமாதானம் செய்து வைக்கும்படி திருமறை (49:10) கட்டளையிடுகிறது. கட்சி சேர்ந்து கொள்ளும்படி அது சொல்லவில்லை. சமாதானம் செய்பவர் இருவரையும் தனித்தனியே கேட்க வேண்டும். ஒருவர் சொன்ன கடுஞ்சொல்லை மற்றவரிடம் கொண்டு போகலாகாது. ஒருவர் மற்றவரைப் பற்றிச் சொன்ன நல்ல வார்த்தை ஏதேனும் இருந்தால் அதைச் சேர்ப்பிக்க வேண்டும்.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். மன்னிப்பது வேறு, ஆபத்தை மறைப்பது வேறு. எவ்வளவு சொல்லியும் ஒருவர் பிறர் உயிருக்கு ஆபத்தாகவே வாகனம் ஓட்டினால், அதைத் தடுக்கும் அதிகாரம் உள்ளவரிடம் முறையிடுவது புறம் பேசுவதாகாது. புறம் பேசுதல் ஆகுமாகும் ஆறு இடங்களில், அநீதம் இழைக்கப்பட்டவர் அதிகாரமுள்ளவரிடம் முறையிடுவதையே இமாம் நவவி (ரஹ்) அவர்கள் முதலாவதாகக் கூறியுள்ளார்கள். மறுபக்கம் இருப்பவர் வேறு சமயத்தவராக இருந்தாலும் இவை யாவும் பொருந்தும். மக்கள் தங்கள் உயிருக்கும் பொருளுக்கும் அஞ்சாமல் யாரிடம் நம்பிக்கை வைக்கிறார்களோ அவரே முஃமின் என்று ஹதீது கூறுகிறது.

வீட்டிலுள்ள பெண்மணிகளின் பங்கு இதில் சிறிதன்று. அந்தத் தொழிற்சாலை விஷயம் எப்படித் தீர்ந்தது என்பதைச் சொன்னால் இது விளங்கும்.

எப்படித் தீர்ந்தது?

வயதான மேஸ்திரி ஒருவர், லுஹர் தொழுகைக்குப் பின் காரோட்டியை மட்டும் நிறுத்தி, வாகனத்தில் செல்பவர் முந்தி ஸலாம் சொல்ல வேண்டும் என்ற ஹதீதை நினைவூட்டினார். அவரோ, “என்னைப் பத்துப் பேர் முன்னாலே ஏசினவனுக்கு நான் ஸலாம் சொல்றதா?” என்று கேட்டுவிட்டு வீடு போய்ச் சேர்ந்தார். இரவு மனைவியிடம் பழைய கதையை மறுபடியும் சொன்னார். சைக்கிள் விழுந்தது, டிபன் கேரியர் திறந்தது என்று சொல்லி வரும்போது அந்தப் பெண்மணி குறுக்கிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்:

“சோறு எல்லாம் மண்ணிலே போச்சுன்னா, அன்னிக்குப் பகல் அவர் என்ன சாப்பிட்டார்?”

அவருக்குப் பதில் தெரியவில்லை. மூன்று வாரமாக அவர் தன் மானத்தைப் பற்றியே யோசித்திருந்தார்; அந்த மனிதர் பசியோடு மாலை வரை தோல் வெட்டியிருப்பார் என்பது அவர் மனத்தில் ஒருமுறை கூடத் தோன்றவில்லை.

மறுநாள் காலை அவர் முன்னதாகவே புறப்பட்டு, சைக்கிள் விழுந்த அதே இடத்தில் காரை ஓரமாக நிறுத்தி இறங்கி நின்றார். சைக்கிள் வந்ததும், “அஸ்ஸலாமு அலைக்கும்” என்றார். சைக்கிள்காரர் கால் ஊன்றி நின்றார். சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “வ அலைக்குமுஸ்ஸலாம்” என்றார். “அன்னிக்கு நான் நிறுத்தியிருக்கணும் பாய். ரிம்முக்கு எவ்வளவு ஆச்சோ சொல்லுங்க” என்றார் இவர். ரிம்முக்கான பணத்தை அவர் வாங்கிக் கொண்டார். ஹக்கு என்பது வாங்கிக் கொள்ள வேண்டியதே. ஆனால் அத்துடன் நிற்கவில்லை. எட்டு மணிச் சங்குக்கு முன் அதே வாசலில், அதே ஆட்கள் முன்னிலையில், “அன்னிக்கு இவர் வாப்பாவைப் பத்தி நான் பேசினது தப்பு. எல்லாருக்கும் முன்னாலே பேசினேன், எல்லாருக்கும் முன்னாலேயே மாஃப் கேக்கிறேன்” என்றார். பகிரங்கமாகச் செய்த தவறுக்குப் பகிரங்கமாகவே பரிகாரம் தேடியது அவருடைய பெருந்தன்மை. அந்த ரமளானில் இரு வீடுகளுக்கும் இடையே நோன்புக் கஞ்சி போய் வந்தது.

அன்பர்களே! பிறருக்கு அநீதம் செய்தவர், தீனாரும் திர்ஹமும் செல்லாத நாள் வருமுன் இன்றே அவரிடம் பொருத்தம் வாங்கிக் கொள்ள வேண்டும் என்பது நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. நாளைக் காலை நாம் மீண்டும் அதே பாதையில்தான் செல்லப் போகிறோம். அங்கே யாருடனாவது நமக்கு மூன்று நாட்களுக்கு மேற்பட்ட மௌனம் இருந்தால், நமது வாகனம் அவருடையதைவிடப் பெரியதா என்று மட்டும் பார்ப்போம். பெரியதானால், முதல் ஸலாம் நம்முடையது. சிறியதானால், அந்த ஸலாமுக்கு அதைவிட அழகான பதிலைத் தயாராக வைத்திருப்போம். ஸலாம் வரத் தாமதமானால் நாமே முந்திக் கொள்வோம்.

பாதையின் ஹக்கைப் பேணி நடக்கவும், உள்ளங்களில் உள்ள குரோதத்தை அகற்றிக் கொள்ளவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.